குழந்தைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை மாநாடுகளின் வரலாறு

உண்ணவும் உடுத்தவும் எழுதவும் விளையாடவும் பேசவும் இடர்ப்படும் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிப்பவர்களில் இரு தொழிலினர் முதன்மையானவர்கள். ஒருவர் தொழில்வழிச் சிகிச்சையாளர், மற்றவர் பேச்சுச் சிகிச்சையாளர். தமிழ்நாட்டுப் பெற்றோர் ‘ஓ.டி.’ என்றும் ‘ஸ்பீச்’ என்றும் சுருக்கிச் சொல்வது இவர்களிடம் பெறும் பயிற்சியைத்தான். இவர்கள் கூடிப் பேசும் மாநாடுகளுக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் கிடக்கும் அந்த வரலாறு வெளியார் கண்ணில் படுவது அரிது. ஆயினும் ஒரு குழந்தையின் கையில் பென்சில் கொடுக்கப்படுகிறதா, ஊஞ்சலில் ஏற்றி ஆட்டப்படுகிறதா, படம் காட்டிப் பேசவைக்கப்படுகிறதா என்பது பலமுறை எங்கோ ஒரு மண்டபத்தில், அந்தக் குழந்தையைப் பார்த்திராத சிலர் பேசியதன் தொடர்ச்சியாகவே முடிவாகியுள்ளது. நன்மையும் தீமையும் அவ்வழியே வந்துள்ளன.

மிலான், 1880

இவ்விரு தொழில்களும் பெயர் பெறுவதற்கு முன்பே, பேசாத குழந்தைகளின் வாழ்வைத் தீர்மானித்த ஒரு மாநாடு நடந்துவிட்டது. 1880 செப்டம்பர் 6 முதல் 11 வரை இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான பன்னாட்டு மாநாடு கூடியது. 164 பிரதிநிதிகள் வந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். காது கேளாத பிரதிநிதி என்று வரலாறு குறிப்பிடுவது, வாஷிங்டன் கெண்டல் பள்ளியைச் சேர்ந்த ஜேம்ஸ் டெனிசன் ஒருவரைத்தான்.

குழந்தைகளுக்குச் சைகை மொழியில் கற்பிப்பதா, உதட்டசைவைப் பார்த்து வாயால் பேசக் கற்பிப்பதா என்பதே அங்கே கேள்வி. வாய்மொழி முறையே உயர்ந்தது என்ற தீர்மானம் 160க்கு 4 என்ற வாக்குகளில் நிறைவேறியது. மறுத்து வாக்களித்தவர்கள் மிகச் சிலர். சைகையும் பேச்சும் சேர்ந்திருக்கட்டும் என்று வாதிட்ட எட்வர்ட் மைனர் கேலாடெட் அவர்கள் பக்கம் நின்றார். மாநாட்டுக்கு வந்தவர்களை உள்ளூர்ப் பள்ளிகளுக்கு அழைத்துச் சென்று, நன்றாகப் பேசப் பழகிய மாணவர்களைக் காட்டினார்கள். கேட்கப்போகும் கேள்விகள் முன்கூட்டியே பழக்கப்பட்டவை என்ற ஐயம் அன்றைக்கே எழுந்தது. ஆய்வாளர் வருகைக்காக வகுப்பைத் தயார் செய்யும் பழக்கம் எந்த நாட்டுப் பள்ளிக்கும் புதிதல்ல.

விளைவு கடுமையாக இருந்தது. ஐரோப்பாவின் பல பள்ளிகளில் சைகை தடைசெய்யப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். தங்களுக்குள் கையால் பேசிக்கொண்ட குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். பேச்சைப் பழகுவதிலேயே பள்ளி நாள் கழிந்ததால், கணக்கும் வரலாறும் கற்காமலேயே ஒரு தலைமுறை வெளியேறியது. 2010ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் இருபத்தோராவது கூட்டம், மிலான் தீர்மானங்கள் அனைத்தையும் நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் ஓடியவை 130 ஆண்டுகள்.

நம் நாட்டில் 1890களில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் பாளையங்கோட்டையில் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, உலகெங்கும் இந்த வாய்மொழி அலைதான் ஓங்கியிருந்தது. இந்தியச் சைகை மொழிக்கென ஒன்றிய அரசின் ஆய்வு, பயிற்சி மையம் டெல்லியில் அமைந்தது 2015இல்தான்.

கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் ஆறு பேர்

தொழில்வழிச் சிகிச்சையாளரின் முதல் கூட்டம் மிலானுக்கு நேர் எதிரான அளவில் நடந்தது. 1917 மார்ச் 15 முதல் 17 வரை, நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் ஆறு பேர் கூடினர். வீட்டுக்காரரான ஜார்ஜ் எட்வர்ட் பார்டன் கட்டடக் கலைஞர். காசநோயாலும், காலில் செய்த அறுவைக்குப் பின் உடலின் இடப்பக்கம் செயலிழந்ததாலும் முடங்கியவர். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தம்மைத் தேற்றிக்கொண்டவர். அந்த வீட்டுக்கு ‘ஆறுதல் இல்லம்’ என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார். உடன் இருந்தவர்கள் மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன், சிகாகோவில் பயிற்சிப் பள்ளி நடத்திய எலனோர் கிளார்க் ஸ்லேகல், கைவினை ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், கனடாவிலிருந்து வந்த மற்றொரு கட்டடக் கலைஞர் தாமஸ் கிட்னர், பார்டனின் செயலாளர் இசபெல் நியூட்டன். செவிலியர் சூசன் டிரேசி அழைக்கப்பட்டும் வர இயலவில்லை.

ஆறு பேரில் மருத்துவர் ஒருவர் மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. இத்தொழில் மருத்துவமனையில் பிறந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அதன் வேரில் பாதி பட்டறையிலும் வகுப்பறையிலும் இருக்கிறது.

அந்த மூன்று நாளில் சங்கம் ஒன்று உருவானது. அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. காயமுற்ற வீரர்களுக்குக் கைவேலைப் பயிற்சி தேவைப்பட்டதால் தொழில் விரைந்து வளர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரில் கூடிய முதல் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 26 பேர். தோற்றுவித்த பார்டன் அதற்கு வரவில்லை. சங்கம் சில ஆண்டுகளில் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சைச் சங்கம் என்று பெயர் மாறியது. நூற்றாண்டு நிறைவான 2017இல் பிலடெல்பியாவில் கூடிய அதன் மாநாட்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

தொடக்கத்தில் குழந்தைகள் இத்தொழிலின் மையத்தில் இல்லை. போர்வீரர்களும் மனநோயாளிகளும் காசநோயாளிகளுமே முதன்மை. இளம்பிள்ளை வாதமும் மூளை முடக்குவாதமும் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்த பிறகே குழந்தைப் பிரிவு தனியே வளர்ந்தது.

வியன்னாவும் நியூயார்க்கும்

பேச்சுச் சிகிச்சையின் பன்னாட்டுக் கூட்டங்கள் வியன்னாவில் தொடங்கின. 1924இல் எமில் ஃப்ரோஷெல்ஸ் என்ற மருத்துவர் அங்கே கூட்டிய மாநாட்டிலிருந்து பேச்சு, குரல் சிகிச்சையாளரின் பன்னாட்டுச் சங்கம் பிறந்தது. திக்குவாய்க் குழந்தைகளுக்கும் போரில் தலையில் அடிபட்டுப் பேச்சிழந்தவர்களுக்கும் சிகிச்சை செய்தவர் அவர். 1938இல் ஆஸ்திரியா ஹிட்லரின் ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபோது, யூதரான ஃப்ரோஷெல்ஸ் நாட்டைவிட்டு அமெரிக்கா போனார். ஒரு துறையைத் தோற்றுவித்த ஊரே அவரைத் துரத்தியது. போர் முடிந்தபின் அந்த மாநாட்டு வரிசை மீண்டும் தொடர்ந்தது.

அமெரிக்காவில் 1925 டிசம்பரில், நியூயார்க்கில் நடந்த பேச்சு ஆசிரியர்களின் மாநாட்டுக்கிடையே, பேச்சுக் குறைகளைத் திருத்துவோர் தனிச் சங்கம் அமைத்தனர். ராபர்ட் வெஸ்ட், லீ எட்வர்ட் டிராவிஸ், சாரா ஸ்டின்ச்ஃபீல்டு முதலியோர் முன்னின்றனர். உறுப்பினர் இருபத்தைந்து பேர். மேடைப்பேச்சும் நாடகமும் கற்பிக்கும் ஆசிரியர்களோடு இருந்தவர்கள், தங்கள் வேலை வேறு என்று உணர்ந்து பிரிந்த கதை இது. சங்கத்தின் பெயர் பலமுறை மாறியது. 1947இல் ‘செவித்திறன்’ என்ற சொல் பெயருக்குள் வந்தது. 1978இல் ‘மொழி’ சேர்ந்தது. பெயர் மாற்றங்களைப் படித்தாலே துறை எப்படி விரிந்தது என்பது விளங்கும். முதலில் உச்சரிப்பைத் திருத்தினார்கள். போரில் காது கெட்டவர்கள் திரும்பியபோது செவியைச் சேர்த்தார்கள். குழந்தை ஒலிகளைச் சரியாக உச்சரித்தும் வாக்கியம் அமைக்கத் தெரியாமல் தவிக்கலாம் என்று தெளிந்தபோது மொழியையும் சேர்த்தார்கள்.

மாநாட்டுக்கு வராத ஓர் ஆய்வு

மாநாடுகளில் பேசியவற்றை மட்டும் வைத்து ஒரு துறையின் வரலாற்றை எழுதிவிட முடியாது. 1939இல் அயோவா பல்கலைக்கழகத்தில், வெண்டல் ஜான்சன் என்ற புகழ்பெற்ற பேராசிரியரின் வழிகாட்டலில், மேரி டியூடர் என்ற மாணவி முதுகலை ஆய்வு ஒன்று செய்தார். டேவன்போர்ட் நகரிலிருந்த அநாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் சிலரிடம், உண்மையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்களிடமும்கூட, ‘உனக்குத் திக்குகிறது, கவனித்துப் பேசு’ என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. திக்குவாய் என்பது சூழ இருப்பவர்கள் சுமத்தும் பட்டத்தால் உண்டாகிறதா என்று பார்ப்பதே நோக்கம். குழந்தைகள் சிலர் பேசவே தயங்கி ஒடுங்கிப்போயினர்.

இந்த ஆய்வு எந்த ஆய்விதழிலும் வெளியாகவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேடாக மட்டும் இருந்தது. 2001இல் ஒரு கலிபோர்னிய நாளிதழ் வெளிக்கொண்டுவந்த பிறகே உலகம் அறிந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு அயோவா அரசு இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. ஜான்சன் தாமே திக்குவாயால் வாழ்நாள் முழுவதும் துன்புற்றவர். பிற்காலத்தில் பல பெற்றோருக்கு உண்மையான ஆறுதலாக இருந்தவர். அதனாலேயே இந்நிகழ்வை எளிதாக எடைபோட முடியவில்லை. பெற்றோர் இல்லாத குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டும் எந்த விளக்கமும் மெலிதாக்காது.

கலிபோர்னியாவிலிருந்து வந்த ஊஞ்சல்

இன்று சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு குழந்தைப் பயிற்சி மையத்துக்குள் நுழைந்தால் கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல்களும், பெரிய காற்றுப் பந்துகளும், பலவகைத் துணிகளும் கண்ணில் படும். இவற்றுக்குப் பின்னால் இருப்பவர் ஜீன் ஏர்ஸ். 1920இல் கலிபோர்னியாவில் பிறந்த இவர் தொழில்வழிச் சிகிச்சையாளராகவும் கல்வி உளவியலாளராகவும் பயிற்சி பெற்றவர். தொடுதல், சமநிலை, மூட்டுத் தசைகளின் உணர்வு ஆகியவற்றை மூளை ஒருங்கிணைப்பதில் தடுமாற்றம் இருந்தால் கற்றலும் நடத்தையும் பாதிக்கப்படும் என்பது இவர் கொள்கை. புலனுணர்வு ஒருங்கிணைப்பு என்று அது பெயர் பெற்றது.

இக்கொள்கை பரவியதில் மாநாட்டுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்கச் சங்கம் தன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்லேகல் பெயரில் ஆண்டுதோறும் ஒரு சிறப்புச் சொற்பொழிவு நடத்துகிறது. 1963இல் அதை ஆற்றியவர் ஏர்ஸ். காண்பதையும் அசைவதையும் குழந்தை எப்படி இணைக்கிறது என்பதுபற்றி அவர் அன்று பேசியது, பின்னர் 1972இல் வந்த அவருடைய நூலுக்கு முன்னோடி. அதற்குமுன் குழந்தைக்குக் கூடை பின்னவும் சட்டைப் பொத்தான் போடவும் கற்பித்துக்கொண்டிருந்தவர்கள், ஏன் பொத்தான் போட முடியவில்லை என்று கேட்கத் தொடங்கினார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. சான்றுகள் போதவில்லை என்றவர்கள் துறைக்கு உள்ளேயே உண்டு. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், புலனுணர்வுக் கோளாறு என்பதைத் தனி நோயாகப் பெயரிட வேண்டாம் என்று தன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அதேவேளை இச்சிகிச்சையை ஒரு விரிவான திட்டத்தின் பகுதியாகப் பயன்படுத்தலாம் என்றும், பயன் இருக்கிறதா என்று அளந்து பார்க்கும்படியும் சொன்னது. ஏர்ஸ் 1988இல் மறைந்தார். அவர் பெயரைச் சொல்லி எல்லா ஊஞ்சலையும் நியாயப்படுத்துவோரைப் பார்த்திருந்தால் அவரே ஏற்றிருக்க மாட்டார். அவர் அளவீட்டுச் சோதனைகளை உருவாக்குவதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டவர்.

லண்டனில் பெர்த்தா போபாத், கரேல் போபாத் தம்பதியர் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காக உருவாக்கிய முறை வேறு வழியில் பரவியது. ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் தேடி வந்த அவர்கள், மேடைச் சொற்பொழிவைவிடப் பல வாரங்கள் நீளும் பயிற்சி வகுப்புகளையே நம்பினர். அவ்வகுப்புகளில் இயன்முறை மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் மூவரும் அருகருகே அமர்ந்தனர். கழுத்து நிமிராத குழந்தைக்கு உணவு ஊட்டுவதும் பேசப் பழக்குவதும் வேறுவேறு வேலையல்ல என்பது அங்கே கண்ணெதிரே புரிந்தது.

இந்தியா

அமெரிக்காவில் பிறந்த எலிசபெத் லண்டி, விஷ்ணு நிம்ப்கரை மணந்து கமலா நிம்ப்கர் ஆனவர். அவர் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில், 1952இல், அகில இந்தியச் சங்கமும் உருவானது. அதே ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூலில் தொழில்வழிச் சிகிச்சையாளரின் உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது, அதைத் தோற்றுவித்த பத்து நாட்டுச் சங்கங்களில் இந்தியாவும் ஒன்று. பயிற்சி பெற்றவர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணத்தக்கதாக இருந்த நாடு, அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் சமமாக அமர்ந்தது. கூட்டமைப்பின் முதல் உலக மாநாடு 1954இல் எடின்பரோவில் நடந்தது.

தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வழி திறந்தது வேலூர். சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் தலைமையில் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் அமைந்தது. பம்பாயில் 1972இல் மிது அலூர் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைப் போன்றே, சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பு, இன்றைய வித்யாசாகர், மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குச் சிகிச்சையையும் கல்வியையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது.

பேச்சு, செவித்திறன் துறைக்கு மைசூரில் 1965இல் ஒன்றிய அரசின் நிறுவனம் ஏற்பட்டது. 1967இல் இந்தியப் பேச்சு, செவித்திறன் சங்கம் தொடங்கியது. அதன் ஆண்டு மாநாடு ‘இஷாகான்’ என்றும், தொழில்வழிச் சிகிச்சையாளரின் ஆண்டு மாநாடு ‘ஓடிகான்’ என்றும் வழங்குகின்றன. மாணவர்கள் முதன்முதலாகத் தங்கள் ஆய்வைச் சுவரொட்டி வடிவில் வைத்துக்கொண்டு, வருவோர் கேள்விக்குப் பதில் சொல்லி நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

இந்திய மாநாடுகளில் மீண்டும் மீண்டும் எழும் ஒரு சிக்கல் மொழி. அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்துத் தயாரித்த சோதனைத் தாள் தஞ்சாவூர்க் குழந்தைக்கு எப்படிப் பொருந்தும்? அதில் ழகரம் இல்லை. லகர ளகர வேறுபாடு இல்லை. ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று சொல்லும் நான்கு வயதுக் குழந்தைக்குக் குறை உள்ளதா, அல்லது வீட்டில் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்களா? தாத்தாவிடம் தெலுங்கும், தெருவில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்கும் குழந்தையின் சொற்களை எந்த மொழியில் எண்ணுவது? கன்னடத்திலும் தமிழிலும் பிற மொழிகளிலும் சோதனைகளை உருவாக்கும் ஆய்வுகள் இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்தவை. வெளிநாட்டுச் சொற்பொழிவாளரின் உரைக்குக் கிடைக்கும் கூட்டம் இத்தகைய அமர்வுகளுக்கும் கிடைக்க வேண்டும்.

ஒரு முறை எழுந்ததும் வீழ்ந்ததும்

1990களின் தொடக்கத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரோஸ்மேரி கிராஸ்லி என்பவர், பேச இயலாதவர்களின் கையைத் தாங்கிப் பிடித்து, எழுத்துகளைத் தொட்டுக் காட்டச் செய்யும் முறையைப் பயன்படுத்தினார். அமெரிக்காவின் சைரக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லென் அதைப் பார்த்துவிட்டு வந்து தம் நாட்டில் பரப்பினார். ஒரு சொல்கூடப் பேசாத ஆட்டிசக் குழந்தை, துணையாள் கையைப் பிடித்ததும் முழு வாக்கியங்களைத் தட்டச்சு செய்தது. அம்மா அப்பாவுக்கு அன்பைச் சொன்னது. பயிலரங்குகளில் இதைக் கண்ட பெற்றோர் கண்ணீர் விட்டனர். சிகிச்சையாளர்களும் ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் பயிற்சி பெற்றுத் தங்கள் ஊர்களுக்குத் திரும்பினர்.

பிறகு சிலர் எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். குழந்தைக்கு ஒரு படமும் கையைப் பிடிப்பவருக்கு வேறு படமும் காட்டினர். ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது. குழந்தை சாவியைப் பார்த்து, துணையாள் கோப்பையைப் பார்த்தால், தட்டச்சில் வந்தது ‘கோப்பை’. நியூயார்க் மாநிலத்தில் ஓ.டி. ஹெக் மையத்தில் நடந்து 1993இல் வெளியான ஆய்வில் பன்னிரண்டு பேர் சோதிக்கப்பட்டனர். குழந்தை மட்டும் பார்த்த படத்தின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. எழுதியது துணையாளின் மனமே. அவர்கள் ஏமாற்றவில்லை, தாங்கள்தான் கையை நகர்த்துகிறோம் என்பதை அவர்களே அறியவில்லை. அந்த உண்மை பலரை நொறுக்கியது.

இதற்கிடையே சில குழந்தைகள் ‘எழுதிய’ குற்றச்சாட்டுகளால் பெற்றோர்மீது பாலியல் கொடுமை வழக்குகள் வந்தன. குழந்தைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டனர். அமெரிக்க உளவியல் சங்கம் 1994இல் இம்முறைக்கு எதிராகத் தீர்மானம் இயற்றியது. பேச்சுச் சிகிச்சையாளர் சங்கமும் அதே காலத்தில் எச்சரித்தது. 2018இல் இன்னும் கடுமையான சொற்களில் இதைக் கைவிடும்படி கூறி, எழுத்துப் பலகையை நீட்டிச் சுட்டவைக்கும் இன்னொரு முறையையும் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது.

மாநாட்டு மண்டபத்தின் பலவீனம் இதில் வெளிப்பட்டது. மேடையில் ஒரு காணொளி, உருக்கமான ஒரு தாய், அரங்கு நிறைந்த கைதட்டல் ஆகியவை சேர்ந்தால் சான்று கேட்பவர் கல்நெஞ்சர்போலத் தெரிவார். திருத்தியதும் அதே துறையின் ஆய்விதழ்களும் கூட்டங்களும்தான். பரவ எடுத்த காலத்தைவிடத் திருந்த எடுத்த காலம் நீண்டது. இன்றும் அம்முறை முற்றிலும் மறையவில்லை.

ஒரு குழந்தை, இரு சட்டங்கள்

1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பேச்சுச் சிகிச்சையாளர் பதிவு பெற வேண்டும். பதிவைப் புதுப்பிக்க, தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. மாநாடுகளிலும் பயிலரங்குகளிலும் கலந்துகொண்டால் அவை கிடைக்கும். தொழில்வழிச் சிகிச்சையாளர் அந்த மன்றத்தின் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு நாடு தழுவிய சட்டத்தில் இடம் கிடைத்தது 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில்தான். ஒரே அறையில் ஒரே குழந்தையோடு வேலை செய்யும் இருவர் இருவேறு சட்டங்களின்கீழ் வருவது அரசு அலுவலகங்களுக்கு வேண்டுமானால் பொருந்தலாம்.

புள்ளி முறையால் நன்மை உண்டு. பட்டம் வாங்கியபின் ஒரு புத்தகமும் திறக்காதவர் எந்தத் தொழிலிலும் உண்டு. அவரையும் அது வகுப்பில் உட்கார வைக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவுபவரையும் அதே முறைதான் உண்டாக்குகிறது. விற்பனைக் கூடம் இன்னொரு கவலை. பெரிய மாநாடுகளில் உரை நடக்கும் அறைக்கு வெளியே, எடை வைத்த சட்டை, மெல்லும் குழாய், படஅட்டைத் தொகுப்பு, மென்பொருள் என்று கடைகள் விரிந்திருக்கும். கட்டணம் குறைவது இக்கடைகள் தரும் வாடகையால்தான். உள்ளே சான்றைப் பற்றிப் பேசுபவரும் வெளியே பொருளை விற்பவரும் சிலவேளை ஒருவரே.

2020இல் கொரோனா பரவியபோது அமெரிக்க மாநாடுகள் இரண்டும் மண்டபத்தில் கூடாமல் நின்றன. பல சங்கங்கள் இணையவழிக்கு மாறின. விடுதிச் செலவும் ரயில் பயணமும் இன்றி, விடுப்பு எடுக்காமல், சிறு நகரங்களில் தனியே மையம் நடத்துபவர்களும் உரைகளைக் கேட்க முடிந்தது. மண்டபங்கள் மீண்டும் திறந்த பிறகும் பல சங்கங்கள் பதிவுசெய்த உரைகளைக் குறைந்த கட்டணத்தில் தருகின்றன. குழந்தையின் தாடையை எந்த அளவுக்கு அழுத்திப் பிடிப்பது, ஊஞ்சலில் உட்காரும்போது இடுப்பை எங்கே தாங்குவது என்பவற்றை மட்டும் திரையில் கற்பிக்க முடியவில்லை. அவற்றுக்காக நேரடிப் பயிலரங்குகளுக்குப் போகிறார்கள். அங்கே இடங்கள் குறைவு, கட்டணம் அதிகம்.